முகத்துக்கு ஒரு பங்கு

1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், மிட்வே என்ற நிறுவனத்துக்காக நான்கு பேர் சேர்ந்து ஒரு சண்டை விளையாட்டைச் செய்தார்கள். எட் பூன் நிரல் எழுதினார். ஜான் டோபியாஸும் ஜான் வோகலும் படங்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒலி டான் ஃபோர்டன். அன்றைய சண்டை விளையாட்டுகளில் பெரும்பாலும் ஆட்களைக் கையால்தான் வரைவார்கள். இவர்கள் வரையவில்லை. தற்காப்புக் கலை தெரிந்தவர்களை அழைத்து வந்து, உடை மாட்டி, கேமரா முன்னால் உதைக்கவும் குத்தவும் விழவும் சொன்னார்கள். வீடியோவை அசைவு அசைவாக நிறுத்தி எடுத்து, பின்னணியை வெட்டி எறிந்து, புள்ளி புள்ளியாகச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மார்ட்டல் கொம்பாட் என்று அதற்குப் பெயர். 1990இலேயே அட்டாரி கேம்ஸின் பிட் ஃபைட்டர் இந்த வேலையைச் செய்திருந்தது என்றாலும், உலகம் நினைவில் வைத்திருப்பது மார்ட்டல் கொம்பாட்டைத்தான்.

சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில், பாடு இல்லாத மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த சில இளைஞர்கள் இதே வேலையைத் தங்கள் ஊர் ஆட்களின் படங்களை வைத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் முடியாமல் கிடக்கிறது. அது எங்களுக்குள் முடிந்துபோக வேண்டிய விஷயம் அல்ல என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் சிகாகோவில் நடந்ததை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

முதல் மார்ட்டல் கொம்பாட்டில் டேனியல் பெசினா என்ற ஒரே ஆள் பல பாத்திரங்களாக வருகிறார். ஜானி கேஜ் அவர்தான். முகமூடி போட்ட ஸ்கார்ப்பியனும் சப்-ஜீரோவும் அவர்தான். அந்த இருவருக்கும் ஒரே உடல், ஒரே உடை, ஒரே படப்பிடிப்பு. கம்ப்யூட்டரில் துணியின் நிறத்தை மஞ்சளாக்கினால் ஒருவன், நீலமாக்கினால் இன்னொருவன். பச்சையாக்கி மூன்றாவதாக ஒருவனை ஒளித்தும் வைத்தார்கள். இதில் என்னைக் கவர்ந்தது கதைதான். மஞ்சள்காரனும் நீலக்காரனும் வெவ்வேறு குலமாம். இரண்டு குலத்துக்கும் ரத்தப் பகையாம். ஒரு மனிதரின் உடலை இரண்டாகப் பிரித்து, வண்ணம் பூசி, ஒருவரையொருவர் கொல்லும் பரம்பரைகளாக்கிவிட்டார்கள். நம் ஊரில் இதைச் செய்து முடிக்க எத்தனையோ நூற்றாண்டுகளும் ஒரு சாஸ்திரமும் தேவைப்பட்டன.

விளையாட்டு கடைகளில் காசு போட்டு ஆடுவதற்காக வந்தது. 1993 செப்டம்பர் 13 அன்று வீட்டில் வைத்து ஆடும் பதிப்பு பெரிய விளம்பரத்தோடு வெளியாகி உலகமெங்கும் விற்றது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட்டில் இந்த ரத்தத்தைப் பற்றி விசாரணையே நடந்தது. கேமரா முன்னால் விழுந்து எழுந்தவர்களுக்குக் கிடைத்தது பேசிய கூலி. காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்குத்தான் சம்மதித்தோம், வீட்டுப் பதிப்புக்கு அல்ல என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். பெசினா போட்ட வழக்கு 1996இல் தோற்றது. அந்த வழக்கில் வந்த ஒரு கணக்கு: விளையாட்டை ஆடியவர்களில் 306 பேரிடம் கேட்டபோது ஜானி கேஜ் பாத்திரம் பெசினா என்று அடையாளம் சொன்னவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். படத்தை மாற்றியமைத்த பிறகு அது அவர்தான் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆகவே அவர் முகத்தால் நிறுவனம் சம்பாதித்தது என்று சொல்ல முடியாது என்பது வாதம். 1997இல் பிலிப் ஆன், எலிசபெத் மலெக்கி, காத்தலின் ஜாமியார் ஆகிய மூவர் போட்ட வழக்கும் தோற்றது. சம்மதித்துத்தான் படம் கொடுத்தீர்கள், அது நிறுவனத்தின் பதிப்புரிமைக்குள் போய்விட்டது, உங்கள் தோற்றத்தின் மீது உங்களுக்குத் தனி உரிமை என்று இனி ஒன்று நிற்காது என்று முடித்துவிட்டார்கள்.

உழைத்த உடல் ஒன்று, உரிமை இன்னொருவருடையது. ஏரிக்கரையில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

என் ஆய்வு காலனிய காலத்து இனவரைவியல் புகைப்படங்களைப் பற்றியது. அதனால் பெசினாவின் கதையைப் படிக்கும்போது எனக்கு எட்கர் தர்ஸ்டன் நினைவுக்கு வருகிறார். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடுக்கியவர். அளவுகோலும் கேமராவும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணும் ஒரு படமும் சேர்ந்தால் ஒரு சாதியின் மாதிரி தயார். படத்தில் இருப்பவருக்குப் பெயர் தேவையில்லை. ‘இருளர்’, ‘பணியர்’ என்று போட்டால் போதும்.

அவர் தன் முன்னுரையில் இரண்டு சம்பவங்களை வேடிக்கையாகச் சொல்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓடினார்கள். தங்களில் நல்லவர்களாகப் பொறுக்கி எடுத்து, பாடம் செய்து, சென்னை மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். நீலகிரியில், காட்டு யானை தொடர்பான ஏதோ பழைய குற்றத்துக்காகத் தேடப்பட்ட இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க விடவில்லை. தர்ஸ்டனுக்கு இது அறியாமை. எனக்கு அந்த ஏழு தொகுதிகளிலும் இதைவிடக் கூர்மையான வாசிப்பு இல்லை. பணியர் பெண்கள் பயந்ததுதான் நடந்தது. தோலை உரித்துப் பஞ்சு அடைக்கவில்லையே தவிர, உருவங்களை எடுத்து அடைத்து வைத்துவிட்டார்கள்.

மூக்கு அகலமானால் சமூகத் தகுதி குறையும் என்று ரிஸ்லி போன்றவர்கள் இந்த அளவுகளை வைத்துச் சட்டம் எழுதினார்கள். அதே அளவு அட்டவணைகளை எடுத்துக்கொண்டுதான் 1948இல் தீண்டப்படாதார் பற்றிய தன் நூலில் அம்பேத்கர் அவர்களை மடக்கினார். மூக்கை அளந்து பார்த்தால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனமாகத்தானே வருகிறார்கள் என்றார். ஒரே உடல், துணியின் நிறம்தான் வேறு.

இனி தோணிரேவு. அரசின் விலையில்லா மடிக்கணினி ஒன்று, சார்ஜர் போட்டால் மட்டும் வேலை செய்யும் நிலையில், இந்த இளைஞர்களிடம் இருக்கிறது. ப்ளேஸ்டேஷன் கடையில் மணிக்குக் காசு கொடுத்து டேக்கன் 3 ஆடி வளர்ந்தவர்கள். முகென் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு, 1999இல் எலக்பைட் என்ற குழு வெளியிட்டது. ஆட்களின் படங்களையும் சில உரைக் கோப்புகளையும் கொடுத்தால் அது சண்டை விளையாட்டாக்கிவிடும். (ஜப்பானியச் சொல், முடிவில்லாதது என்று பொருள். இவர்கள் அதை ‘முகம்’ என்றே சொல்கிறார்கள், நானும் திருத்தவில்லை.) ஒரு பாத்திரத்தின் கோப்பைத் திறந்தால் உயிர் 1000, தாக்குதல் 100, தற்காப்பு 100 என்று எண்கள் நிற்கும். யாருக்கு எவ்வளவு உயிர் என்பதை நாமே தட்டச்சு செய்துகொள்ளலாம். தர்ஸ்டனின் எண்ணுக்கும் இதற்கும் இந்த ஒரு வித்தியாசம் உண்டு.

முதலில் போனில் கிடைத்த ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியைத்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒரு படம் கொடுத்தால் அதுவே வீரனாக வரைந்து தரும். வரைந்தும் தந்தது. கொடுத்த ஆட்கள் எல்லோரும் இரண்டு மூன்று படி வெளுத்து, மூக்கு நீண்டு, ஏதோ தெலுங்குப் படத்து வாரிசு நடிகர்கள் போல வந்து நின்றார்கள். “எங்க மாமனத் தேட வேண்டியிருக்குக்கா” என்றான் ஒருவன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிகாகோக்காரர்கள் செய்த மாதிரியே கையால் செய்ய ஆரம்பித்தார்கள்.

படகு மேல் போடும் நீலத் தார்ப்பாயைச் சுவரில் கட்டினார்கள். போனைச் செங்கல் மேல் நிறுத்தினார்கள். நீலத்தை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்தால் ஆள் தனியாக நிற்பார். நீலப் புடவை கட்டிவந்த ஒரு பெரியம்மா தலையும் இரண்டு கையுமாக அந்தரத்தில் நின்றார். அடுத்தது நீலச் சட்டை அண்ணன். நம் ஆட்களில் பாதிப் பேர் நீலத்தில்தான் இருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது, பச்சைத் துணிக்கு மாறினார்கள். இன்னொரு சிக்கலும் வந்தது. பாத்திரம் எதிர்ப்பக்கம் திரும்பினால் மென்பொருள் படத்தை அப்படியே கண்ணாடி போலத் திருப்பிவிடும். பனியனில் இருந்த ‘ஜெய்பீம்’ இடவலம் மாறியது. எழுத்தே இல்லாத பனியன் போட்டு மறுபடியும் எடுத்தார்கள்.

சண்டை அசைவுகளை அவர்கள் கராத்தேயிலிருந்து எடுக்கவில்லை. வீச்சு வலையைத் தோளிலிருந்து சுழற்றி எறிவது ஒருவரின் அடி. கழியை ஊன்றிப் படகைத் தள்ளுவது இன்னொருவருடையது. வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றில் கையால் இறால் தடவும் ஒரு ஆயாவும் இருக்கிறார். குனிந்தபடியே எதிரியின் காலடிக்குப் போய்க் கணுக்காலைப் பிடித்து இழுப்பதுதான் அவருடைய வித்தை. அந்த வேலையில் விரல்கள் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பிடி விளையாட்டாகத் தெரியாது. தமிழ் சினிமா கடலோரக் குப்பத்து உடம்பை எத்தனையோ முறை காட்டியிருக்கிறது, பெரும்பாலும் நாயகன் அடித்து விழவைக்கும் அடியாளாக. உழைப்பே சண்டைக் கலையாக, பெயரோடும் முகத்தோடும் ஒரு திரையில் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகள்தான் நினைவுக்கு வந்தன.

ஆனால் சண்டை விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பாத்திரத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வகைக் கட்டங்களை வரைய வேண்டும். ஒன்று அடிக்கும் இடம், இன்னொன்று அடி படும் இடம். அடி படும் கட்டம் இல்லாத ஆளை வைத்து ஆடவே முடியாது. யார் தோற்பார் என்பது ஆடுகிறவரின் கையில் இருக்கிறது. அதாவது, ஒரு முகத்தை இந்த விளையாட்டுக்குக் கொடுப்பது என்றால் அடி வாங்கவும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாபாசாகேப் படத்தை வைக்கலாமா என்று ஒருவன் கேட்டபோது இன்னொருவனே சொன்னான்: “அடி வாங்குற எடத்துல அவர வெக்க முடியாதுடா.” அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆயாவிடம் கேட்டபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நான் வாங்காத அடியா? போடு.” இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. ஒரு முகம் அடிபடும் இடத்துக்கு எப்படி வரலாம், எப்படி வரக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

இந்தக் கேள்வி நமக்கு வெறும் விளையாட்டு இல்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றதை ஒரு கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. அந்தக் காட்சி லட்சக்கணக்கான போன்களில் ஓடியது. சங்கரிடமோ அருகில் வெட்டுப்பட்டுக் கிடந்த கௌசல்யாவிடமோ யாரும் கேட்கவில்லை. கண்டிப்பதற்காகப் பகிர்ந்தவர்களும் உண்டு, ரசிப்பதற்காகப் பகிர்ந்தவர்களும் உண்டு. உண்மையான மனிதரின் உருவம் திரையில் விழுவதையும், அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்க முடிவதையும் நாம் எப்போதோ பார்த்துவிட்டோம். அரிவாளும் சிங்கமும் பின்னணி இசையுமாக ஆதிக்கச் சாதி இளைஞர்கள் தயாரிக்கும் வீடியோக்களையும் தினமும் பார்க்கிறோம். போட்டோவை வைத்து வீரனைச் செய்யும் தொழிலில் அவர்கள் நமக்கு வெகுகாலம் முந்தியவர்கள்.

வாக்குவாதம் இறுதி எதிரியைப் பற்றியது. எல்லோரையும் ஜெயித்த பிறகு வரும் கடைசி ஆள். இவர்கள் வைத்திருந்தது ஒரு நிஜ மனிதரின் படம். அடுத்த ஊர், ஆதிக்கச் சாதி. தண்ணீரில் நடந்த ஒரு தகராறில் இந்த இளைஞர்களில் ஒருவனுடைய அப்பாவின் வலையை அறுத்தவர். கல்யாண பேனர் ஒன்றிலிருந்து முகத்தை வெட்டி எடுத்து, வேறொருவரின் உடலில் ஒட்டி, உயிர் 3000 என்று கொடுத்திருந்தார்கள். அந்த ஆளைத் தோற்கடிப்பது லேசில்லை. தோற்கடித்தால் அவர் முழங்காலில் விழுவார்.

வேண்டாம் என்றேன். அந்தப் பையன் கேட்டது இதுதான்: “அவுங்க எங்கள ஏரில அடிச்சா ஒண்ணுல்ல, நாங்க கம்ப்யூட்டர்ல அடிச்சா கேஸாக்கா?”

ஆமாம், கேஸ்தான். பழைய 153ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 196. இரு பிரிவினருக்கிடையே பகையைத் தூண்டுவது. காவல் நிலையத்தில் அந்தப் பிரிவு யார் மீது வேகமாகப் பாயும் என்று எல்லோருக்கும் தெரியும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தலித்துகளின் நில உரிமையிலும் நீர் உரிமையிலும் குறுக்கிடுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் ஏரியில் உரிமை என்று எழுதி வைத்திராதவரின் உரிமையில் குறுக்கிட்டார்கள் என்று எப்படி நிரூபிப்பது?

வழக்குக்குப் பயந்து மட்டும் நான் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம்தான், அதைச் சின்னதாக நினைப்பவர்கள் பிள்ளைகளை ஜாமீனில் எடுக்க அலைந்ததில்லை. ஒற்றுமைக்காகவும் சொல்லவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நடந்த கூட்டத்தில் அதே மனிதரும் நின்றார் என்று எனக்கு நினைவூட்டினார்கள். நின்றிருக்கலாம். ஏரி போனால் அவர் பிழைப்பும் போகும். அதற்காக வலையை அறுத்தது இல்லையென்று ஆகிவிடாது. ‘இப்போது ஒற்றுமை முக்கியம்’ என்ற வாக்கியத்தை நம் வாயை மூடுவதற்கே இந்த நாட்டில் அதிகம் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதை நானும் பயன்படுத்த மாட்டேன்.

என் மறுப்பு வேறு. அந்த முகம் பொருந்தவில்லை.

பாடு என்பது பழவேற்காடு ஏரியின் பழைய மீன்பிடி முறை. இறால் நன்றாக விழும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவரே நல்ல இடத்தில் உட்கார்ந்துகொள்ள முடியாது. பொதுவான நீரை மக்களே பங்கிட்டு ஆள்வதற்கு அழகான எடுத்துக்காட்டு என்று இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் வர வேண்டுமானால் பாடு உள்ள ஊரில், பட்டினவராக, ஆணாகப் பிறந்து, கல்யாணமும் ஆகியிருக்க வேண்டும். அதே ஏரியில் இறங்கும் தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் சீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குள் அப்பழுக்கில்லாத சமத்துவம், உள்ளே வருவதற்குப் பிறப்பு. சாதியின் சூட்சுமத்தை ஒரு சீட்டுக் குலுக்கலில் பார்க்கலாம். யாரும் யாரையும் வைய வேண்டியதில்லை. யாருக்கும் கோபம்கூட வர வேண்டியதில்லை. பெயர் எழுதும்போது சிலருடைய பெயரை எழுதாமல் இருந்தால் போதும்.

வலையை அறுத்தவர் அதில் ஒரு கை. அவரை 3000 உயிரோடு கடைசியில் நிறுத்தி, அவர் முழங்காலில் விழுந்ததும் ‘வெற்றி’ என்று எழுத்து வந்தால், சீட்டு எங்கே போயிற்று? அடுத்த நாள் காலை ஏரியில் அதே முறைதான். ஒரு கெட்டவனின் முகத்தைக் கொடுத்துவிட்டால் ஏற்பாடு ஒளிந்துகொள்ளும். தமிழ் சினிமா ஐம்பது வருடமாக ஒரு கொடுமைக்காரப் பண்ணையாரை வைத்துக்கொண்டு சாதியைத் தப்பவிட்டது இப்படித்தான்.

இன்னொன்று, போட்டோ. தர்ஸ்டனின் கேமரா முன்னால் ஓடியவர்களின் பக்கம் நிற்கிறோம் என்றால், கேட்காமல் எடுத்த முகத்தை அடிபடும் கட்டத்தில் வைப்பதில்லை என்பது நம் விதியாக இருக்க வேண்டும். எதிரிக்காக இல்லை, விதிக்காக. வரையுங்கள் என்றேன். கோபமாக, கேலியாக, எவ்வளவு வேண்டுமானாலும் வரையுங்கள். கார்ட்டூன் வரைந்தவருடைய கருத்து, பார்ப்பவருக்கும் அது தெரியும். போட்டோ ‘இது இவர்தான்’ என்று சாட்சி சொல்லும் வேலையைச் செய்கிறது. வரைவதும் பரிசுத்தமான வேலை இல்லைதான். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் இந்தியர் என்று வரைந்த தால்சிம், கழுத்தில் மண்டையோட்டு மாலை போட்டு நெருப்பு ஊதுகிறார். அதற்கு யாரையும் போட்டோ எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அது வரைந்தவர்களின் மண்டையைக் காட்டுகிறது, எந்த ஒரு இந்தியரையும் அல்ல.

அவர்களில் இருவர் வரைய ஆரம்பித்திருக்கிறார்கள். குடம் மாதிரி ஒரு உருவம், உள்ளே சீட்டுகள். அடித்தால் சீட்டு பறக்கிறது, கீழே விழும் சீட்டில் மறுபடியும் அதே பெயர்கள். அதை எப்படித் தோற்கடிப்பது என்று அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. உயிருக்கு என்ன எண் போடுவது என்றும் தெரியவில்லை.

இதற்கிடையில் பேப்பர் வேலை ஒன்று வந்து சேர்ந்தது. இந்த விளையாட்டு வெளியே போய்க் காசு வந்தால் யாருக்கு? மிட்வே கதையைச் சொன்னேன். நம் நாட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்துவதை எதிர்த்துப் போனபோது, 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஆளுமை உரிமை என்பது பிரபலம் என்ற நிலையை அடைந்தவர்களுக்கு உரியது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிறகு அமிதாப் பச்சனும் அனில் கபூரும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதேபோல ஆணைகள் வாங்கினார்கள். நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் உன்னைத் தெரிந்தது என்று பெசினாவுக்குச் சொன்ன அதே கணக்கு. ஊருக்கே தெரிந்த முகத்துக்கு விலை உண்டு, ஊருக்குள் மட்டும் தெரிந்த முகத்துக்கு இல்லை. ஏரிக்கரைக்கு நாரை பார்க்க வரும் கேமராக்கள் அப்படியே மீனவர்களையும் எடுத்துக்கொண்டு போகின்றன. அந்தப் படங்கள் எந்தச் சுவரில், எந்த நாள்காட்டியில் தொங்குகின்றன என்று படத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

தீர்வை நான் சொல்லவில்லை, ஆயாவின் மகன் சொன்னார். மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இறங்கிய ஆளுக்கு ஒரு பங்கு. வலை கொடுத்தவர் அன்று தண்ணீரில் இறங்காவிட்டாலும் வலைக்குப் பங்கு உண்டு. “மூஞ்சிக்கும் ஒரு பங்கு போடுங்கடா” என்றார். சிகாகோவில் அந்த மூவர் நீதிமன்றத்தில் கேட்டும் கிடைக்காததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். கூலி கொடுத்தால் கணக்கு அன்றோடு முடிந்துவிடும், பங்கு என்றால் வலை கிழியும்வரை தொடரும்.

தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எடுத்த படத்தை எடுத்தவர் காட்ட வேண்டும். எந்தப் பாத்திரம், எப்படி அடிபடும் என்பதை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து. காசு வந்தால் முகத்துக்கு ஒரு பங்கு, படம் எடுத்தவர்களுக்கு ஒரு பங்கு, நிரல் எழுதியவர்களுக்கு ஒரு பங்கு. எப்போது வேண்டுமானாலும் படத்தைத் திருப்பிக் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடைசி விதியைப் போடும்போது பையன்களுக்கு முகம் சுண்டியது. மூன்று மாத உழைப்பு ஒரு வார்த்தையில் போய்விடுமே என்றார்கள். போகும்தான். போன மாதம் ஒரு அண்ணி தன் படத்தை எடுத்துவிடச் சொன்னார், கணவரின் தம்பி அந்தப் பாத்திரத்தை அடித்து ஆடிச் சிரித்ததை அவர் பார்த்திருந்தார். எடுத்துவிட்டார்கள். அதிகமாக ஜெயித்துக்கொண்டிருந்த பாத்திரம் அது.

இப்போது ஐந்து பாத்திரங்கள் இருக்கின்றன. பேனரில் வெட்டிய முகம் விளையாட்டில் இல்லை, ஆனால் அந்தக் கோப்பு ஒரு பென்டிரைவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அழி என்று நான் கேட்கவில்லை. அறுந்த வலைக்கு இதுவரை யாரும் பணம் கொடுக்கவில்லை.